வட்டத்தின் தலைமாடு

எங்கள் மெத்தைக் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் தொடங்குவதற்கு முன்பே ஒரு விபத்து நடந்துவிட்டது. முதலாளியின் மச்சான் ஏலத்துக்குப் போய்விட்டு வந்தார்.

எங்கேயோ ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தை மூடி, அதிலிருந்த சாமான்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். மச்சான் அங்கிருந்து வட்டமான பெரிய கான்வாஸ் துணி ஒன்றை வேனில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். ஓரம் முழுக்கத் தடித்த கயிறு வைத்துத் தைத்திருந்தது. கயிற்றில் இடைவெளி விட்டுவிட்டுக் கைப்பிடிகள். நடுவில் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கக்கூடிய ஒரு வட்டம்.

இவர்தான் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. முதலாளியம்மாவின் தம்பி என்பது அவருடைய படிப்பு. கழுத்தில் தொங்கும் விசில் அவருடைய அனுபவம். அவர் இல்லாத இடத்தில் எல்லோரும் அவரை விசில் சார் என்றுதான் சொல்வோம்.

"இதுக்குப் பேரு ஜம்பிங் ஷீட்," என்றார் விசில் சார். "மாடியில தீப்பிடிச்சா கீழ நின்னு இதை விரிச்சுப் பிடிப்பாங்க. மேல இருந்து குதிக்கிறவன் பூ மாதிரி வந்து விழுவான்."

"உதிர்ந்து விழுமே, அந்தப் பூ மாதிரியா சார்?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர். அவருக்கு ஓய்வு பெற அதிக நாள் இல்லை. அதனால் பயமும் இல்லை.

பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினராக வருவதாக இருந்தது. அவர் முன்னால் ஒருவரை முதல் மாடித் தையல் பிரிவு ஜன்னலிலிருந்து குதிக்க வைத்து, கீழே துணியில் பிடித்துக் காட்டுவது என்று மேனேஜர் முடிவு செய்தார். யார் குதிப்பது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டியில் இருந்த எல்லோரும் நிரந்தர ஊழியர்கள். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு தீர்மானம் நிறைவேறியது. நிரந்தர ஊழியர் எவரும் குதிக்கக் கூடாது. அவர்கள் நிறுவனத்தின் சொத்து. குதிக்கும் பொறுப்பு ஒப்பந்த ஊழியருக்கே உரியது. தீர்மானத்தை டைப் செய்தது நான்தான். 'உரியது' என்ற சொல் அந்த இடத்தில் சரியா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை.

ஒப்பந்த ஊழியர்களில் ஆள் ஒல்லி, கை கால் சுறுசுறுப்பு, எதிர்த்துப் பேச வசதியில்லாதவர் என்று தேடினால் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். லோடிங் பிரிவில் மெத்தை ஏற்றும் என் அத்தான்.

என் அக்காவின் கணவர். இந்தக் கம்பெனியில் பல வருடமாக இருக்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் நிரந்தரம் கேட்கும் தகுதி வரப்போகிற சமயம் பார்த்து அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, மறுபடியும் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் பேப்பரில் அவர் எப்போதும் புது மாப்பிள்ளை. அக்கா இப்போது மாசமாக இருக்கிறாள். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்குக் கம்பெனியே ஒரு மருத்துவ அட்டை தரும். அது இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் நடக்கும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் அத்தானின் தோளில் கை போட்டார். "நீ மட்டும் நல்லபடியா குதிச்சுக் காட்டு தம்பி, அன்னைக்கே உனக்குப் பர்மனென்ட் ஆர்டர்."

அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தையே பிறந்துவிட்டது போலச் சிரித்தார்.

மேனேஜர் அறைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு ஆர்டரை டைப் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் மேஜை டிராயரில் வைத்தார்.

"கையெழுத்து சார்?"

"குதிச்சு முடிக்கட்டும்மா. கால் நல்லா இருக்கான்னு பார்த்துட்டுப் போடுவோம். பர்மனென்ட் ஆளா இருந்து கால் உடைஞ்சா ஆஸ்பத்திரி செலவு நம்ம தலையில விழும். கான்ட்ராக்ட் ஆளுன்னா அது அவன் கவனக்குறைவு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. குடை எடுத்துக்கொண்டு போ என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அத்தான் கட்டிலின் மேல் ஏறி நின்று குதித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

"கட்டில் உடைஞ்சா எந்த ஷீட்டு பிடிக்கும்?" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். "கீழ் வீட்டுக்காரங்க ஏற்கெனவே நம்மளை எப்படா துரத்தலாம்னு பார்க்கறாங்க!"

நான் டிராயர் விஷயத்தைச் சொன்னேன். அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் நீட்டித் தடவிப் பார்த்தார்.

"உடையலேன்னா?" என்றார்.

"உடைஞ்சுதுன்னா அத்தான்?"

"அதைத்தான் நான் கேக்கலையே புலவரே." நான் சாயங்கால வகுப்பில் மொழிபெயர்ப்புப் படிப்பதால் அவர் எனக்கு வைத்த பட்டம் அது. "நீ படிச்சவ, ரெண்டு பக்கமும் யோசிப்பே. எனக்கு ஒரு பக்கம்தான் கொடுத்திருக்காங்க."

அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். கட்டில் காலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜர் எனக்கு இன்னொரு வேலை கொடுத்தார். பாதுகாப்புக் கையேட்டில் ஜம்பிங் ஷீட் பற்றி ஒரு குறிப்பு வேண்டும். பொருள், பயன்பாடு. விழாவில் மைக்கில் படிக்கவும் அதுவே ஆகும். "நீதான் ஏதோ கிளாஸுக்குப் போறியே, நல்ல தமிழ்ல எழுதிட்டு வா. விருந்தினர் அசந்து போகணும்."

எங்கள் வகுப்பில் ஒரு சொல்லை எடுத்தால் அது எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள், ஏன் விட்டார்கள் என்று மூன்றையும் தேடாமல் எழுதக் கூடாது. நூலகத்தில் கிழிந்த அட்டையோடு ஒரு பழைய தீயணைப்புப் பயிற்சிக் கையேடு கிடைத்தது. நீளமான ஏணிகள் வருவதற்கு முன்பு இந்தத் துணியை நம்பித்தான் இருந்திருக்கிறார்கள். நான் அதற்குக் 'குதிவிரிப்பு' என்று பெயர் வைத்தேன். அடித்துவிட்டுத் 'தாங்குவிரிப்பு' என்று எழுதினேன். குதிக்கிறவரைவிடத் தாங்குகிறவர்களுக்குத்தான் இதில் வேலை அதிகம் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. ஒரு பெரிய கூட்டமே சுற்றி நின்று, எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே பலத்தோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். கண் மேலேயே இருக்க வேண்டும். குதிக்கிறவர் காலை ஊன்றாமல் உட்கார்ந்த மாதிரி, முதுகு பட விழ வேண்டும். அப்படியும் நிறையப் பேருக்கு அடிபட்டிருக்கிறது. பிடித்தவர்களுக்கும் பட்டிருக்கிறது. ஏணி வந்த பிறகு யாரும் இதை விரும்பித் தொடவில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காக இரண்டு பக்கத்தில் எழுதினேன். முதல் பக்கத்தில் பொருளும் குதிப்பவருக்கு உள்ள ஆபத்துகளும். இரண்டாம் பக்கத்தில் பயன்பாடும் பிடிப்பவருக்கு உள்ள ஆபத்துகளும். மேனேஜர் முதல் பக்கத்தைப் படித்தார். பேனாவை எடுத்தார். குதிப்பவரின் கால், இடுப்பு, முதுகெலும்பு எல்லாவற்றையும் வரிசையாக அடித்தார்.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையில விவாகரத்துச் சட்டம் எழுதின மாதிரி? பாஸிடிவ்வா எழுதும்மா."

"அடுத்த பக்கம் பார்க்கலையே சார்."

"அடுத்த பக்கம் இதோட தொடர்ச்சிதானே? சரி, சரி." இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமலே கையெழுத்துப் போட்டார். அதில் என்ன இருக்கிறது என்று நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் நேர்மைக் குறைவா, அல்லது ஒரு தடவை சொன்னால் போதும் என்ற அலுவலக ஒழுங்கா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

ஒத்திகை வேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் சொன்னார். ஒத்திகை பார்த்தால் தத்ரூபமாக இருக்காது என்றார் விசில் சார்.

"அப்போ கீழ நாலு மெத்தையாவது போட்டு வைப்போம் சார். குடோன் நிறைய மெத்தை. நாம செய்யறதே அதானே?"

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்யா, நம்ம மெத்தையில விழுந்து ஒருத்தன் காலை உடைச்சுக்கிட்டா கம்பெனி பேரு என்னத்துக்கு ஆகும்? துணியில விழுந்து உடைஞ்சா அது தீயணைப்புத் துறை சம்பந்தப்பட்ட விஷயம்."

ஸ்டோர் கீப்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

விழா நாள் வந்தது. முற்றத்தில் துணியை விரித்தார்கள். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். ஆகவே துணியைப் பிடிக்க அதிகாரிகள் எல்லோரும் முன்வந்தார்கள். லோடிங் பிரிவு ஆட்கள் பிடிக்கிறோம் என்று வந்தபோது, சட்டை அழுக்கு என்று ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். தினமும் மெத்தை தூக்கும் கைகள் ஓரமாக நிற்க, பேனா தூக்கும் கைகள் கயிற்றைப் பிடித்தன.

பிடித்த பிறகுதான் பிரச்சினை. யார் எங்கே நிற்பது?

"மேனேஜர் சார் தலைமாட்டுல நிக்கட்டும்," என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர்.

"இது வட்டம் சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "தலைமாடு, கால்மாடெல்லாம் மெத்தைக்குத்தான்."

"வட்டமா இருந்தா என்ன? மேனேஜர் நிக்கிற இடம் தலைமாடு."

"கேமரா இருக்கிற பக்கம் தலைமாடா, கேமராவுக்கு எதிர்ப்பக்கம் தலைமாடா? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார் விற்பனைப் பிரிவுத் தலைவர். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

கடைசியில் மேனேஜர் கேமராவுக்கு நேரே நின்றார். அவருக்கு அடுத்த பதவி வலப்பக்கம், அதற்கடுத்தது இடப்பக்கம் என்று எல்லோரும் அவரை ஒட்டி நெருங்கிக்கொண்டார்கள். விசில் சார் முதலாளி வீட்டு ஆள் என்பதால் பதவியைப் பார்க்காமல் நடுவில் புகுந்தார். வட்டத்தின் மறுபாதியில் ஆளே இல்லை. அங்கே துணி தரையில் கிடந்தது. மொத்தத்தில் அது ஒரு பெரிய முறம் மாதிரி இருந்தது. மேலிருந்து விழுகிறவனைப் புடைத்து வெளியே தள்ள ஏற்ற முறம்.

மேலே பார்த்தேன். தையல் பிரிவு ஜன்னல் திண்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கால்கள் வெளியே. அவர் கண் முறத்தின் மேல் இருந்தது. சிரிப்பு இல்லை.

"படிம்மா," என்றார் மேனேஜர். "விருந்தினர் வர்றதுக்குள்ள ஒரு தடவை மைக் டெஸ்ட் மாதிரி ஆகட்டும். முழுசா படி."

படித்தேன். முதல் பக்கத்தில் அடித்தது போக மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். என் குரல் மைக்கில் யாருடையதோ போலக் கேட்டது.

"பிடிப்பவர் இரண்டு கைகளாலும் இறுகப் பிடிக்க வேண்டும். விழும் வேகத்தில் பிடிப்பவரின் தோள்மூட்டு நழுவக்கூடும். மணிக்கட்டு முறியக்கூடும். குதிப்பவர் குறி தவறினால் பிடிப்பவரின் தலையிலோ கழுத்திலோ விழக்கூடும். முற்காலத்தில் இப்படிப் பிடித்தவர்களும் காயமடைந்திருக்கிறார்கள். ஆகவே உடல் நலம் உறுதியாக உள்ளவர்களே…"

முதலில் கணக்குப் பிரிவுத் தலைவர் கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் இருக்குல்ல? டாக்டர் பக்கெட் கூடத் தூக்கக் கூடாதுன்னுருக்கார்."

"எனக்குப் பி.பி.," என்றார் விற்பனைத் தலைவர். "மேல பார்த்தாலே கிறுகிறுங்குது."

இன்னொருவருக்கு அன்று காலையிலிருந்தே தோள் வலியாம். இன்னொருவருக்கு அவருடைய அப்பாவுக்கு இருந்த மூட்டுவலி பரம்பரையாக வந்திருந்தது. அத்தானின் முதுகெலும்பைப் பற்றி யோசிக்கக் கமிட்டிக்கு ஒரு டீ நேரம்கூடத் தேவைப்படவில்லை. இப்போது ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு எலும்பாக எழுந்து நின்று மனுக் கொடுத்தது. விசில் சார், தான் விசில் ஊத வேண்டியிருப்பதால் இரண்டு கையும் கொடுக்க முடியாது என்றார். விசில் வாயில்தான் இருந்தது.

கயிற்றைப் பிடித்தபடி மிஞ்சியது மேனேஜர் ஒருவர்தான். அவரும் பிடித்திருந்தது கேமரா இன்னும் அவர் பக்கம் திரும்பியிருந்ததால்.

"சார்!" மேலிருந்து அத்தான். "நான் ரெடி சார்! பிடிக்க யாரு?"

"நீ இறங்கி வந்துடு தம்பி. படிக்கட்டு வழியா. நிகழ்ச்சியை மாத்திடலாம். நீ சும்மா துணியில படுத்துக்கோ, போட்டோ எடுத்துக்கலாம்."

"அப்போ ஆர்டர்?"

"குதிச்சாத்தானேப்பா ஆர்டர்? படுக்கறதுக்கெல்லாம் யாராவது பர்மனென்ட் தருவாங்களா?"

"அப்போ குதிக்கிறேன் சார்."

"குதிக்காதேப்பா!"

"அப்போ ஆர்டரைக் குடுங்க."

"இறங்கி வாப்பா, பேசலாம்."

"இத்தனை வருஷமா கீழ நின்னுதான் சார் பேசினேன். யாருக்கும் கேக்கல."

அந்த நேரம் பார்த்து வெளிக்கதவு திறந்தது. இன்ஷூரன்ஸ் அதிகாரியின் கார் உள்ளே நுழைந்தது. முற்றத்தில் துணி தரையில் கிடக்கிறது. ஜன்னலில் ஒரு ஆள் காலைத் தொங்கப் போட்டிருக்கிறான். அதிகாரிகள் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரர் கண்ணில் இது எப்படிப் படும் என்பது எல்லோர் மண்டையிலும் ஒரே சமயத்தில் உறைத்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேய்ந்த கழுத்தெலும்பு ஓடி வந்து கயிற்றைப் பிடித்தது. பி.பி. பிடித்தது. பரம்பரை மூட்டுவலி பாய்ந்து வந்தது. லோடிங் ஆட்களும் புகுந்தார்கள். அழுக்குச் சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை. மேனேஜருக்கு ஒரு பக்கம் ஸ்டோர் கீப்பர், மறுபக்கம் மூட்டை தூக்குகிறவர். எல்லோர் கண்ணும் மேலே. துணி மேளம் மாதிரி விறைத்து நின்றது. கையேட்டில் சொன்னபடி அதைப் பிடித்தது அப்போதுதான்.

"வெளிய தொங்குற கால் உள்ள வரணும்னா கையெழுத்து வரணும் சார்," என்றார் அத்தான். சத்தமே போடவில்லை. "இவ்வளவு நாளா முதல்ல கால், அப்புறம் கையெழுத்துன்னு வச்சிருந்தீங்க. இன்னைக்கு மாத்திக்குவோம்."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் டிராயர் தெரிந்தது. நான் ஓடினேன். பேப்பர், பேனா, முத்திரை, மைப்பெட்டி. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். இது சரியா, நான் செய்தது சரியா, அத்தான் ஒருவேளை நிஜமாகவே வழுக்கிவிட்டால் என்று மனசு ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் நிற்கவில்லை.

"கயிற்றை விடக் கூடாது சார்," என்றேன் மேனேஜரிடம். "இரண்டாம் பக்கத்துல இருக்கு. ரெண்டு கை வேணும்தான், இப்போதைக்கு ஒரு கையில பிடிச்சுக்கோங்க, ஒரு கையில போடுங்க."

ஸ்டோர் கீப்பர் குனிந்து முதுகைக் காட்டினார். அந்த முதுகின் மேல் வைத்து மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

"முத்திரை எங்கம்மா?" என்று பழக்கத்தில் கேட்டார்.

"கொண்டு வந்திருக்கேன் சார்."

நானே மாடி ஏறிப் போய்க் கொடுத்தேன். அத்தான் ஆர்டரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார், இப்போ நான் பர்மனென்ட்தானே?"

"ஆமாய்யா, ஆமா! குதி! சீக்கிரம் குதி, கை வலிக்குது!"

"அதெப்படி சார் குதிக்கிறது? பர்மனென்ட் ஆளு குதிக்கக் கூடாதுன்னு உங்க கமிட்டியே தீர்மானம் போட்டிருக்கே. நான் இப்போ நிறுவனத்தோட சொத்து."

சொல்லிவிட்டுக் காலை உள்ளே எடுத்துப் போட்டார். ஜன்னலைக் கவனமாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவருடைய முழங்கால் இரண்டும் நடுங்குவதைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். "அக்காகிட்ட இந்த நடுக்கத்தைச் சொல்லாதே புலவரே," என்றார். "மத்ததெல்லாம் கொஞ்சம் சேர்த்தே சொல்லு."

முற்றத்தில் கைதட்டல் கேட்டது. கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்போதுதான் இறங்கிய இன்ஷூரன்ஸ் அதிகாரிதான் தட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்! இந்தப் பழைய துணியில எல்லாம் குதிக்க வச்சீங்கன்னா உங்களுக்குப் பாலிசியே கிடையாதுன்னு சொல்றதுக்குத்தான் வந்தேன். நீங்க என்னடான்னா பேசியே ஆளை இறக்கிட்டீங்க. இதுதான் சரியான முறை. ஒத்திகை நிறையப் பார்த்திருப்பீங்க போல?"

"பார்த்தோம் சார்," என்றார் விசில் சார்.

அடுத்த வாரம் கையேடு அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. தாங்குவிரிப்புக் குறிப்பை மறுபடியும் எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். இந்த முறை பாதிப் பக்கத்துக்கு மேல் கூடாதாம். உட்கார்ந்து எழுதினேன், அடித்தேன், எழுதினேன். பொருள் என்ற தலைப்பின் கீழே: உயரத்தில் சிக்கிக்கொண்ட ஒருவருக்காகக் கீழே இருப்பவர்கள் சேர்ந்து பிடிக்கும் துணி. பயன்பாடு என்ற தலைப்பின் கீழே: நம் நிறுவனத்தில் ஒரு முறை பயன்படுத்தப்பட்டது, ஓர் ஊழியர் தம் மனைவியோடும் பிறக்கப்போகும் குழந்தையோடும் காப்பாற்றப்பட்டார், பிடித்தவர் எவருக்கும் காயம் இல்லை.

மேனேஜர் இந்தத் தடவை பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் முன்பக்கத்தை முழுவதும் படித்தார். மனைவி, குழந்தை என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

"பாஸிடிவ்வாத்தான் இருக்கு," என்றார் கடைசியில், பேனாவை எடுத்து.